கே.ஏ. வண்டி டி.என். ஆன கதை: அன்றும் இன்றும்

2004 வைகாசியில் பெங்களூரை விட்டுக் கோவைக்குக் குடிவந்தோம். சாமான்கள் லாரியில் வந்தன. நானும் மனைவியும் எங்கள் ஆல்ட்டோவில் வந்தோம். கே.ஏ. எண். வங்கிக் கடனில் இன்னும் மூன்று ஆண்டுத் தவணை பாக்கி. அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் வண்டியும் ஊர் வந்து சேர்ந்துவிட்டது என்றே நினைத்தோம். காகிதத்தில் அது வந்து சேரப் பதினோரு மாதம் ஆனது.

இருபது ஆண்டு கழித்து அதே சாலையில் என் அக்கா மகள் தன் காரில் வந்தாள். அதே கே.ஏ., அதே போலத் தவணை பாக்கி. அவள் வண்டி ஏழு வாரத்தில் டி.என். ஆனது. பதினோரு மாதம் ஏழு வாரமாகச் சுருங்கியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் சுருங்காமல் அப்படியே நிற்கும் ஒன்றும் உண்டு. அதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடன் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உரிமையாளர் பெயர் நம்முடையதுதான். ஆனால் அதே ஆர்.சி.யில் இன்னொரு பதிவும் இருக்கும்: ஹைப்பதிகேஷன். கடன் தீரும் வரை இந்த வண்டியின் மேல் இன்ன வங்கிக்குப் பிடிமானம் உண்டு என்று அரசு ஏட்டில் எழுதி வைப்பது. அதனால் இந்த வண்டி மாநிலம் மாற மூன்று பேர் தலையசைக்க வேண்டும்: கடன் கொடுத்த வங்கி, விட்டு வரும் மாநிலம், வந்து சேரும் மாநிலம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. பழைய மாநிலம் தரும் தடையின்மைச் சான்றை (என்.ஓ.சி.) பற்றிச் சொல்வது 48. வங்கியின் இசைவைப் பற்றிச் சொல்வது 51. சட்டம் அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

முதல் தலையசைப்பு வங்கியுடையது. 2004-ல் நான் கடன் வாங்கிய கிளைக்குப் போய், "என்.ஓ.சி. வேணும்" என்றேன். "கடன் முடிந்தால்தான் தருவோம்" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறை போனபோதும் அதே பதில். என் கேள்வியே தவறு என்று புரிய ஆறு வாரம் ஆனது. வங்கி தரும் என்.ஓ.சி. இரண்டு வகை. ஒன்று, கடன் தீர்ந்தபின் ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை எடுக்கத் தருவது. அதனுடன் போவது 35-ஆம் எண் படிவம். மற்றது, கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற எங்களுக்குத் தடையில்லை என்று எழுதித் தருவது. இதற்குக் கடன் முடிய வேண்டியதில்லை. தவணை தவறாமல் கட்டியிருந்தால் போதும் என்பதே நடைமுறை.

போன ஆண்டு என் மருமகள், அதாவது அந்த அக்கா மகள், போனில் சொன்னது எனக்குப் பழைய நாளை அப்படியே கொண்டுவந்தது. "மாமா, லோன் முடிச்சாத்தான் என்.ஓ.சி.ங்கறாங்க. அப்ப வண்டிய மாத்தவே முடியாதுங்களா?"

"நீ எந்த என்.ஓ.சி. கேட்டே கண்ணு?" என்றேன். மாநிலம் மாற்ற என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். நான்காம் நாள் கடிதம் அவள் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது.

அன்று எனக்குத் தெரியாத இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லி வைத்தேன். விண்ணப்பம் வந்த ஏழு நாளுக்குள் நிதி கொடுத்தவர் சம்மதமோ மறுப்போ தெரிவிக்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால், பதில் வரவில்லை என்று நாமே உறுதிமொழி எழுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கலாம். 51-ஆம் பிரிவிலேயே இது இருக்கிறது. 2004-ல் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சட்டம் புரோக்கரின் சட்டைப் பையில் இருந்தது. இன்று அவளுடைய கைப்பேசியில் இருக்கிறது. இந்த இருபது ஆண்டில் நடந்த மாற்றங்களில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

இரண்டாவது, விட்டு வரும் மாநிலம். 28-ஆம் எண் படிவத்தில் மனு. வண்டிமேல் திருட்டு வழக்கு இல்லை என்று காவல் துறை அறிக்கை தர வேண்டும். வரி பாக்கி இருக்கக் கூடாது. 2004-ல் இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு படிக்கட்டு ஏறினேன். வெள்ளி இரவு கோவையில் பஸ் ஏறினால் சனிக்கிழமை விடியலில் பெங்களூரு. கவுன்டரில் நின்றால், கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கிறது என்பார்கள். 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று 48-ஆம் பிரிவு சொல்வதை நான் தெரிந்துகொண்டபோது நான்கு மாதம் ஓடியிருந்தது.

இன்று அந்த மேசைகள் 'வாகன்' என்ற மென்பொருளுக்குள் போய்விட்டன. மாநிலங்கள் தனித்தனியாக வைத்திருந்த பதிவேடுகளில் பெரும்பாலானவை இன்று அந்தப் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்த்து அறிக்கை எடுக்கலாம். 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு, ஆதார் சரிபார்ப்போடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகாமலே 58 சேவைகளைப் பெற வழி செய்து அறிவிக்கை வெளியிட்டது. என் மருமகள் அந்த மனுவுக்காகப் பெங்களூரு போனது ஒரே ஒரு முறை.

மூன்றாவது, வந்து சேரும் மாநிலம். இங்கே 27-ஆம் எண் படிவம். வண்டியை நேரில் காட்ட வேண்டும். நம் ஊரில் இன்றைக்கும் பலர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பானெட்டைத் திறக்கச் சொல்வார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு 2004-லும் உண்டு. என் மருமகளிடமும் அதே பென்சில் அச்சைக் கேட்டார்கள். இத்தனை கணினிக்கு நடுவிலும் இரும்பில் வெட்டிய எண்ணைத் தொட்டுப் பார்ப்பதை விடாதது சரி என்றே நினைக்கிறேன். திருட்டு வண்டி மாட்டுவது பெரும்பாலும் அந்த எண்ணில்தான்.

புது எண் வந்தபின் செய்ய வேண்டிய வேலை இன்றைக்குக் கூடியிருக்கிறது. அன்று பெயின்டரிடம் போனேன், கே.ஏ.வை அழித்து டி.என். எழுதினார், முடிந்தது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண்பலகை கட்டாயம். லேசர் குறியீடு கொண்ட பலகை அது. எண் மாறினால் முறைப்படி வேறு பலகை வாங்கிப் பொருத்த வேண்டும். 2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேகிலும் எண்ணை மாற்ற வேண்டும். காப்பீட்டுப் பாலிசியில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நாளில் எண் பொருந்தவில்லை என்று அலைய நேரும். கடன் கொடுத்த வங்கிக்குப் புது ஆர்.சி. நகலை அனுப்ப வேண்டும். புது ஆர்.சி.யிலும் அந்த ஹைப்பதிகேஷன் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

இனி, மாறாத ஒன்றுக்கு வருகிறேன். வரி.

வண்டி வாங்கிய அன்றே கர்நாடகத்தில் வாழ்நாள் வரி கட்டியாகிவிட்டது. தமிழ்நாட்டுக்கு வந்தால், வண்டியின் வயதைக் கணக்கிட்டு இங்கே மறுபடி வாழ்நாள் வரி கட்ட வேண்டும். கட்டி, புது எண் வாங்கி, அதைக் காட்டி, அங்கே மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கான வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். தவணையும் கட்டிக்கொண்டு, வீட்டு முன்பணமும் கொடுத்துவிட்டு, குடிபெயர்ந்த மாதத்திலேயே இந்தப் பணத்தையும் புரட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதல்ல. தமிழ்நாட்டில் புதுக் கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து வரி, விலைக்கேற்ப 12 முதல் 20 விழுக்காடு வரை. சுமை எவ்வளவு என்று இதிலிருந்தே தெரியும்.

ஏன் இது மட்டும் மாறவில்லை? காரணம் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35-ஆம் இனம். அதனால் நாடு முழுதும் ஒரே சட்டமும் ஒரே படிவமும் சாத்தியமாயின. வாகன வரி மாநிலப் பட்டியலில் 57-ஆம் இனம். அது மாநிலத்தின் வருவாய், விட்டுக்கொடுக்க எளிதாக மனம் வராது. 2014-ல் கர்நாடகம், 30 நாளுக்கு மேல் தங்கும் வெளிமாநில வண்டிகளிடம் வாழ்நாள் வரி கேட்கச் சட்டத்தைத் திருத்தியது. 2016-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநிலங்களின் நிதித் தேவை நியாயமானது. ஆனால் இரண்டு கஜானாக்களுக்கு நடுவே பணத்தைச் சுமக்கும் வேலை குடிபெயர்பவர் தலையில் விழுவது நியாயமல்ல.

2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 'பி.எச்.' எண் வரிசை இதற்கு ஒரு வழி காட்டியது. இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. ஆனால் அது படைவீரர்கள், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்குத்தான். என் மருமகளின் நிறுவனம் இருப்பது இரண்டு மாநிலத்தில். மளிகைக் கடைக்காரருக்கும் தனியாகத் தொழில் செய்பவருக்கும் கூட அந்தக் கதவு திறக்காது.

வண்டி எந்த நாளில் எந்த மாநிலத்துக்கு மாறியது என்பது இன்று ஒரே தரவுத்தளத்தில் பதிவாகிறது. அந்தப் பதிவை வைத்தே இரு மாநிலங்களும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் மக்களிடம் வாங்கலாம். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் தேவையில்லை. மாநிலங்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டால் போதும்.

டி.என். பலகை மாட்டிய அன்று மருமகள் வீட்டுக்கு வந்தாள். நான் பீரோவிலிருந்து என் பழைய கோப்பை எடுத்துக் காட்டினேன். 2005-ல் பெங்களூரில் கொடுத்த வரித் திருப்ப மனுவின் நகல் அதில் இருக்கிறது. அதற்காக மூன்று முறை பஸ் ஏறினேன்; நான்காம் முறை ஏறவில்லை. அந்தப் பணம் இன்று வரை வரவில்லை.

"நீ இதை விட்டுடாதே கண்ணு" என்றேன்.

"விட மாட்டேனுங் மாமா. மனு போட்டாச்சு" என்று ஒப்புகை எண்ணைக் காட்டினாள். அதை என் கோப்பின் கடைசித் தாளில், என் மனுவின் தேதிக்குக் கீழே குறித்து வைத்திருக்கிறேன். பணம் வந்த நாளையும் அதன் பக்கத்தில் எழுதுவேன்.