முயலின் குதிகாற்புண்

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தை வைத்த இயற்கை, முயலுக்கு அதனை வைக்கவில்லை. பாதத்தில் அடர்ந்த உரோமமே அதற்குப் பாதணி. மண்ணிலும் புல்லிலும் துள்ளித் திரியப் பிறந்த அப்பிராணியைக் கம்பிவலைத் தளத்தில் அடைத்து வைத்தால் உரோமம் தேயும், தோல் சிவக்கும், பின்னர் புண்ணாகும். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வடகீழ்ப் பருவமழை பொழியும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலோ, கூட்டின் ஈரமும் சேர்ந்து புண்ணை வளர்க்கும்.

பரிகாரம் காலில் அன்று, தளத்திலேயே தொடங்க வேண்டும். கம்பியின்மேல் பலகையிட்டு, உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துப் புண்ணை மெல்லக் கழுவி உலர விடலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வீட்டில் எஞ்சிய பெனிசிலின், அமொக்சிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுத்தலாகாது. அதன் குடலில் வாழ்ந்து செரிமானத்திற்கு உதவும் நுண்ணுயிர்களை அவை அழிக்க, தீய கிருமிகள் பெருகி உயிருக்கே இறுதியாகலாம். சீழ் கண்டாலும், தீனியை மறுத்தாலும் கால்நடை வைத்தியரை உடனே நாட வேண்டும். கிருமி எலும்பைப் பற்றிவிட்டால் மீட்பது அரிது.

வலியை மறைப்பது முயலின் சுபாவம். ஆதலால், பிள்ளைகளே, வாரம் ஒருமுறையேனும் அதன் பாதங்களைப் பாருங்கள்.