இதுல ஆடணும்னா எங்க சேரணும்?

எங்க பட்டினச்சேரியில கடற்கரை மணல்ல ஆடுறதுன்னா கிரிக்கெட், வாலிபால், கபடி, அவ்வளவுதான். ஹாக்கி ஸ்டிக்கை நான் முதல்ல பக்கத்துல பார்த்ததே ஒன்பதாவது படிக்கிற என் சித்தி பொண்ணு கையிலதான். 2025 ஜனவரி 26 அன்னைக்கு அவ என் போனைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு ஒரு மேட்ச் பார்த்தா. பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக்கோட முதல் ஃபைனல். ஒடிசா வாரியர்ஸும் சூர்மாவும் 1-1. முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, 56-வது நிமிஷத்துல ருதுஜா பிசல் தன்னோட ரெண்டாவது கோலை அடிச்சாங்க. 2-1, ஒடிசாவுக்குக் கோப்பை, ஒன்றரைக் கோடி பரிசு.

"இதுல ஆடணும்னா எங்கக்கா சேரணும்?" என்றாள். எனக்குத் தெரியல. தேடிப் பார்த்ததுல கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

ஆண்களுக்கு இந்த லீக் 2013-லேயே வந்துருச்சு. 2017-க்கு அப்புறம் நின்னு போய், 2024 டிசம்பர்லதான் மறுபடி ஆரம்பிச்சாங்க. அப்போதான் முதல் தடவையா பெண்களுக்கும் ஒரு லீக். ஆறு டீம்னு அறிவிச்சாங்க, கடைசியில களத்துக்கு வந்தது நாலு: ஒடிசா வாரியர்ஸ், சூர்மா, டெல்லி எஸ்ஜி பைப்பர்ஸ், பெங்கால் டைகர்ஸ். எல்லா மேட்சும் ராஞ்சியில, மொத்தம் 13. ஒவ்வொரு டீமும் மத்த மூணு டீமோட ரெண்டு ரெண்டு தடவை மோதி, முதல் ரெண்டு இடம் பிடிச்சவங்க ஃபைனல்.

எனக்கு முக்கியமாப் பட்டது டீம் எப்படி அமையுதுங்கறதுதான். ஒரு டீமுக்கு 24 பேர். அதுல 16 பேராவது இந்தியர்கள், அந்த 16-ல நாலு பேர் ஜூனியரா இருந்தே ஆகணும். வெளிநாட்டுக்காரங்க எட்டு. இதனால என்ன ஆகுதுன்னா, நேத்து வரைக்கும் மாநில அளவுல ஆடிட்டிருந்த பொண்ணு, உலகத்துலயே பெனால்டி கார்னர் அடிக்கிறதுல பெரிய பேரான நெதர்லாந்தோட யிப்பி யான்சன் பக்கத்துல நின்னு பயிற்சி பண்றா. யான்சனை ஒடிசா 29 லட்சத்துக்கு எடுத்தது. ஏலத்துல அதிக விலை நம்ம உதிதாவுக்கு, 32 லட்சம், பெங்கால்.

பணத்தையும் பேசிடுவோம். ஒரு பெண்கள் அணி ஏலத்துல செலவு பண்ணலாம்னு வெச்ச வரம்பு 2 கோடி. ஆண்கள் அணிக்கு 4 கோடி. 2 கோடியை 24-ஆல வகுத்தா தலைக்கு சுமார் 8.3 லட்சம். 2023-ல பெண்கள் ஐபிஎல் ஏலத்துல ஸ்மிருதி மந்தனா ஒருத்தருக்கே 3.4 கோடி. கிரிக்கெட்டோட ஒப்பிடக் கூடாதுன்னு சொல்வாங்க. ஒரே நாடு, ஒரே டிவி, ஏன் ஒப்பிடக் கூடாது?

இந்த ஃபைனல்ல இன்னொரு கதை இருக்கு. 2023 நவம்பர்ல இதே ராஞ்சி மைதானத்துல நம்ம பெண்கள் அணி ஜப்பானை 4-0னு அடிச்சு ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்சது. ரெண்டரை மாசம் கழிச்சு, 2024 ஜனவரி 19, அதே மைதானம், அதே ஜப்பான். மூணாவது இடத்துக்கான மேட்ச். ஜெயிச்சா பாரிஸ் ஒலிம்பிக். 0-1. டோக்கியோவில நாலாவது வந்த டீம் பாரிஸுக்குப் போகவே இல்ல. கோச் யானெக் ஷோப்மன் அடுத்த மாசமே, இங்க தன்னை மதிக்கலன்னு வெளிப்படையாச் சொல்லிட்டு விலகினாங்க. ஒரு வருஷம் கழிச்சு அவங்க ராஞ்சிக்குத் திரும்பி வந்தது ஒடிசா வாரியர்ஸ் கோச்சா. அந்த டீம்தான் கோப்பையைத் தூக்கினது. எதிர்ல தோத்த சூர்மாவுக்கு கேப்டன் சலிமா டேட்டே, ஜார்க்கண்ட் பொண்ணு, சொந்த மாநிலத்து மண்ணுல!

மண்ணுன்னு சொன்னது பேச்சுக்குத்தான், ஆடுறது டர்ஃப். மேட்சுக்கு முன்னாடி தண்ணி அடிச்சு நனைப்பாங்க. ஈரத்துல உராய்வு குறையும், பந்து துள்ளாம வழுக்கிட்டு ஓடும். மண் கிரவுண்டுல அதே பந்து எங்க எகிறும்னே தெரியாது. அதனால மண்ணுல பழகுனவங்க முதல்ல கத்துக்கறது பந்தை நிறுத்த. டர்ஃப்ல பழகுனவங்க அதுக்குள்ள பாஸ் கொடுத்து முடிச்சிருப்பாங்க. என் தங்கச்சி ஸ்கூல்ல இருக்கறது மண் கிரவுண்டு. ஸ்டிக் மொத்தம் ஒன்பது, அதுல ரெண்டு உடைஞ்சது.

சரி, எங்க சேரணும்? நாலு டீம்ல தெற்குப் பக்கம் ஒண்ணுமே இல்ல. ஆண்கள்ல தமிழ்நாடு டிராகன்ஸ், ஹைதராபாத் தூஃபான்ஸ் இருக்கு. ஆனா ஏலத்துக்கு ஊர் முக்கியமில்ல, பேர் பட்டியல்ல வரணும். காரைக்கால் புதுச்சேரிக்குள்ள வர்றதால நாம தமிழ்நாட்டு அணிக்குப் போட்டி போட வேண்டியதில்ல. லே புதுச்சேரி ஹாக்கின்னு ஹாக்கி இந்தியாவுல தனி அமைப்பு இருக்கு. அதோட சப்-ஜூனியர், ஜூனியர் அணியில இடம் பிடிச்சா நேரா தேசியப் போட்டி. அங்க செலக்டர்கள் கண்ணுல பட்டா ஜூனியர் கேம்ப், அப்புறம் அந்த நாலு ஜூனியர் இடம். நாலு டீமுக்கும் சேர்த்தா குறைஞ்சது 16. நாடு முழுக்க.

இதையெல்லாம் அவகிட்ட சொன்னேன். 16-ன்னதும் பயப்படுவான்னு நினைச்சேன். "செலக்ஷன் எப்போ?"ன்னு கேட்டா. கூடவே ஸ்டிக்குக்குச் சுத்த கிரிப் டேப் ஒண்ணு வேணுமாம், மஞ்சக் கலர்ல.