உங்களுக்குத் தெரியுமா? கிண்டியில் பிறந்த படம்

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் அடுத்த நிறுத்தம் கிண்டி. இங்குள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகம் தந்த ஒரு படம் இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சேர்ந்து எழுதி 1963-இல் வெளியான கட்டுரையிலிருந்து வந்தது அது. பெயர்: ராமச்சந்திரன் வரைபடம். அந்தக் கட்டுரையின் நீளம் ஐந்தே பக்கம்!

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம் என்பதைக் காட்டும் படம் அது. அணுக்கள் இடித்துக்கொள்ளாத பகுதியை முழுக்கோடு சுற்றி நிற்கும். கொஞ்சம் நெருக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் கிடைக்கும் கூடுதல் இடத்துக்கு விட்டுவிட்டு வரைந்த கோடு. எந்தக் கோடு எதற்கு என்று சொல்லாமல் விட்டால் அது வெறும் கிறுக்கல்தான். புதிதாகக் கண்டறியும் புரத வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் இதே படத்தைத்தான் எடுக்கிறார்கள்.

எது எதைக் குறிக்கிறது என்று சொல்லும் படவிளக்கத்துக்கு இன்னொரு உதாரணம்: 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. பற்றி எழுதிய கட்டுரையில் இருந்தது ஒரே ஒரு படம். இது விளக்க வரைவு மட்டுமே என்று அதன் படவிளக்கம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. நாடா எது, குறுக்குக் கம்பி எது, நடுக்கோடு எது என்பதையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. வரைந்தவர் கிரிக்கின் மனைவி ஒடீல். கட்டுரையின் நன்றியுரையில் அவர் பெயர் இல்லை. அது பெரிய குறை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று பதியும் 'கிரெடிட்' முறையில் 14 பங்களிப்புகள் உண்டு. படமாக்குவதும் அதில் ஒன்று. ஆகவே நீங்கள் பலராகக் கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நான்கு பேர் எழுதும் கட்டுரையில் ஒரே மாதிரிக்கு நான்கு பெயர் முளைப்பதை அவர்தான் தடுக்க வேண்டும்.

படவிளக்கம் சொல்ல வேண்டிய இன்னொன்று: பட்டை வரைபடத்தில் பட்டையின் தலையில் நிற்கும் பிழைக்கோடு திட்ட விலக்கமா, திட்டப் பிழையா? 9 மாதிரிகள் இருந்தால் திட்டப் பிழை, திட்ட விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதே தரவு மூன்று மடங்கு துல்லியமாகத் தோன்றும்! எது என்பதையும் மாதிரி எண்ணிக்கையையும் படவிளக்கத்தில் எழுதாதது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம்.

அட்டவணைத் தலைப்பு மேலே, படவிளக்கம் கீழே என்பது பெரும்பாலான இதழ்களின் வழக்கம். பட எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். லேட்டெக்கோ வேர்டோ தானாக எண்ணிக்கொள்ளட்டும். இடையில் ஒருவர் புதுப் படம் செருகினாலும் குழப்பம் வராது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி வரையாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர்.

இதழுக்கு அனுப்புமுன் படங்களையும் படவிளக்கங்களையும் மட்டும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கான பதிலைப் படவிளக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.