பகலில் பதுங்கும் சிவப்பு மீன்

பவளப்பாறை, இரண்டு குடித்தனங்கள் முறை மாற்றிப் புழங்கும் வீடு. பொழுது சாய்ந்ததும் கிளிமீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் ஒதுங்கிவிடும். சற்று நேரம் பாறை வெறிச்சோடிக் கிடக்கும். பிறகு, பகலெல்லாம் இடுக்குகளில் பதுங்கியிருந்த மீன்கள் இரை தேடிப் புறப்படும். அவற்றில் ஒன்று சிவப்பு அணில்மீன். அறிவியல் பெயர் சார்கோசென்ட்ரான் ரூப்ரம். செங்கடல் முதல் மேற்குப் பசிபிக் வரை பரவியுள்ள இது மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

ஏறத்தாழ ஒரு சாண் நீளம். சிவந்த உடலில் நெடுக்காக வெள்ளிக் கோடுகள். செவுள் மூடிக்கு முன்னே கூரிய முள் ஒன்று இருப்பதால், வலையிலிருந்து எடுக்கும்போது கவனம் வேண்டும்.

கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஆழத்தில் இந்தச் சிவப்பு கருமையாகவே தெரியும். இருட்டில் மீன் மறைந்துவிடும். பெரிய கண்கள் மங்கிய ஒளியையும் வாரிக்கொள்கின்றன. விழித்திரையில் குறைந்த ஒளியை உணரும் கோல் செல்களே மிகுதி. நண்டும் இறாலும் இரவில் வெளிவரும் நேரத்தில் வேட்டை நடக்கிறது. தன் இடுக்கை வேறொரு மீன் நெருங்கினால், காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து உறுமி விரட்டும்.

அந்த இடுக்குதான் இதன் வாழ்வுக்கு ஆதாரம். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் குடியேறிய மீன்களில் இதுவும் ஒன்று. அங்கே வெப்பமண்டலப் பவளத்திட்டுகள் இல்லை. ஆனாலும் கிழக்குக் கரையோரக் குகைகளிலும் பாறைப் பிளவுகளிலும் பெருகிவிட்டது. பகலில் ஒதுங்க ஒரு பொந்து கிடைத்ததே போதுமானதாக இருந்தது.

நம் கடலில் அந்தப் பொந்தைத் தருவது பெரும்பாலும் பவளம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2001இல் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு கிடைத்தது. ஆனால் 2016இல் கடல் சூடேறி மீண்டும் பவளங்கள் வெளுத்தன. செத்த பவளம் நாளடைவில் நொறுங்கிச் சல்லியாகும், இடுக்குகள் தூர்ந்துபோகும்.

தூத்துக்குடி அருகே வான் தீவைக் கடலரிப்பிலிருந்து காக்க, துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கியபோது மீன்களும் அங்கே வந்து சேர்ந்தன. பாறை தேறியதா என்று பார்க்கப் பகலில் முக்குளிப்பவர்கள் பவளத்தின் நிறத்தோடு நின்றுவிடக் கூடாது. மீன் நுழையும் ஆழமான இடுக்குகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்றும் கணக்கெடுக்க வேண்டும். இரவு மீன்களின் எதிர்காலம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.