இரைச்சலைக் கடத்தாத ஒயர்

மேசைக் கணினியின் முதுகுப்பக்கம் பச்சை, நீலம், ரோஸ் என்று வட்டத் துளைகள் வரிசையாக இருக்கும். சில கணினிகளில் அவற்றுக்குப் பக்கத்திலேயே சதுரமாக இன்னொரு துளை, சின்ன மூடியுடன் இருக்கும். மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பாக ஒரு விளக்கு எரியும். பலர் அதில் எதையுமே செருகியிருக்க மாட்டார்கள். வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவருக்கு அந்த வரிசையிலேயே உருப்படியான துளை அதுதான்.

திருப்பனந்தாள் பக்கம் ஹோம் தியேட்டர் என்றால் கம்பெனிப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவந்து கும்பகோணத்திலோ உள்ளூரிலோ பூட்டித் தந்த அசெம்பிள் செட்டாகவும் இருக்கலாம். இப்போது அந்த செட்டுகளிலும் டிகோடர் போர்டு வைக்கிறார்கள். அதன் பின்பக்கம் பார்த்தால் அதே சதுரத் துளை. இரண்டையும் இணைக்க விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஆப்டிகல் ஒயர் போதும். ஆனாலும் பழக்க தோஷத்தில், பச்சைத் துளையிலிருந்து சிவப்பு வெள்ளை முனை உள்ள ஒயரைத்தான் இழுக்கிறோம்.

அந்தச் சாதாரண ஒயரில் ஒலி மின்னழுத்தமாகப் போகிறது. ஒலி ஏறி இறங்குவதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்கும். வழியில் வேறு எந்த மின்சாரம் கலந்தாலும் ஆம்ப்ளிஃபையருக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்கிவிடும். மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் ‘கீச்’ என்பது அப்படி வருவதுதான். அதைவிடப் பெரிய தொல்லை, படத்தில் யாரும் பேசாத நேரத்தில் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓடும் ‘உம்ம்’ என்ற இரைச்சல்.

காசி மடமும் செஞ்சடையப்பர் கோயிலும் உள்ள திருப்பனந்தாளில் சொற்பொழிவுக்கும் திருவிழாவுக்கும் பஞ்சமில்லை. மைக் செட் கட்டுகிறவர்களைக் கேட்டால் அந்த உறுமலைப் பற்றி விடியவிடியப் பேசுவார்கள். காரணம் எர்த். கணினி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறு அறையில் இன்னொரு பிளக்கிலும் இருக்கும்போது, இரண்டின் எர்த்தும் ஒரே அளவில் இருப்பதில்லை. டிவிக்கு வரும் கேபிள் தெருவிலிருந்து தன் பங்குக்கு ஒரு எர்த்தைக் கொண்டுவரும். இந்த வித்தியாசம் ஆடியோ ஒயரின் மேல்வலை வழியாகச் சமனாகப் பார்க்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால் அந்தக் கசிவும் அதே கணக்கில் துடிக்கிறது. அதைத்தான் உறுமலாகக் கேட்கிறோம். எர்த்தே இல்லாத பழைய வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கணினியின் பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், வெளித் தகரத்தை விநியோக மின்னழுத்தத்தின் பாதி அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது அதனால்தான்.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, பிளக்கின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. உறுமல் நிற்கலாம், கூடவே உயிருக்கான காவலும் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோடையில் மண் காயும்போது எர்த் பலவீனமாகும் என்பதால், எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை.

அடுத்த வேலை அந்தச் சதுரத் துளை. ஆப்டிகல் ஒயரில் செம்பு கிடையாது. சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் இழை, அதற்குள் சிவப்பு எல்இடி வெளிச்சம், அவ்வளவுதான். தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த இதற்கு டாஸ்லிங்க் என்று பெயர். சிடியை உருவாக்கிய சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்பிடிஐஎஃப் முறைப்படி, ஒலி வெறும் எண்களாக மாறி, விளக்கு அணைந்து எரியும் கணக்கில் போகிறது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாததால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எர்த் தொடர்பே இல்லை, இந்த ஒயர் வழியாக உறுமல் வரவும் வாய்ப்பில்லை. ஐப்பசி மழையில் இடி இறங்கி ஒரு பெட்டி போனாலும், அந்த அதிர்ச்சி இந்த ஒயர் வழியாக அடுத்த பெட்டிக்குத் தாவாது. ஆனால் மெயின் லைன் வழியாக வரும் இடியை இது தடுக்காது. மழைக்கு முன் பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆப்டிகல் போட்டால் பாட்டு தேனாக இனிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். டெல்டா வீடுகளில் இதன் அருமை இந்த மின் பிரிவினையில்தான் இருக்கிறது. ஆரஞ்சு நிறத் துளையில் செருகும் கோஆக்சியல் ஒயரிலும் இதே எண்கள்தான் போகின்றன, ஆனால் அது செம்பு என்பதால் எர்த் தொடர்பு அறுபடாது.

ஒயரைச் செருகிய அன்றே வரும் புகார் ஒன்று உண்டு: “சத்தம் சுத்தமா இருக்கு, ஆனா பின்னாடி ஸ்பீக்கர் பாடலையே!”

குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. எஸ்பிடிஐஎஃப் இரண்டு சேனலுக்காக வகுத்தது. நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட் என்று வைத்தால் இரண்டு சேனலுக்கு 15,36,000 பிட் ஆகும். ஆறு சேனலை அப்படியே அனுப்ப 46,08,000 வேண்டும், அது இந்த வழியில் போகாது. டால்பி டிஜிட்டல் அதே ஆறு சேனலைச் சுருக்குகிறது. டிவிடியில் அதன் உச்சமே 4,48,000 பிட்தான். அந்தச் சுருக்கத்தைப் பிரிக்காமல் அனுப்பினால் தாராளமாகப் போகும். கணினியோ உதவுவதாக நினைத்துத் தானே பிரித்து, இரண்டு சேனலாகக் கலந்து அனுப்புகிறது. விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ என்று போய் ‘பாஸ்த்ரூ’வைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை முதன்மையாக்குங்கள். இனிப் பிரிக்கும் வேலை டிகோடர் போர்டுடையது. கணினியில் வால்யூம் வேலை செய்யாமல் போனால் பயப்பட வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் ரிமோட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலி உள்ள படங்களுக்கு மட்டுமே இது பலிக்கும். யூடியூப் பாட்டு இரண்டு சேனலாகத்தான் வரும். விளையாட்டுகளின் ஒலியும் அப்படியே, டால்பி டிஜிட்டல் லைவ் உள்ள சவுண்ட் கார்டு என்றால் மட்டும் அது உடனுக்குடன் சுருக்கித் தரும். புதிய டால்பி ட்ரூஎச்டி, அட்மாஸ் எல்லாம் இந்தச் சின்ன வழியில் நுழையாது. அவற்றுக்கு எச்டிஎம்ஐ வேண்டும். புதிதாக ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறவர் எச்டிஎம்ஐ உள்ளதையே வாங்கட்டும். கையில் இருப்பது பழைய கணினியும் அசெம்பிள் செட்டும் என்றால் ஆப்டிகல் ஒயர் தாராளமாகப் போதும். ஐந்து மீட்டருக்குள் வாங்குங்கள், சுவர் மூலையில் மடக்கி ஒடிக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் சத்தமே வரவில்லை என்றால், செட்டைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறுவதற்கு முன், ஒயரின் இரு முனையிலும் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.