முனைவர் பட்டத்திற்குப் பின்: தமிழாய்வாளர்க்குரிய தொழில்துறைகள்

தமிழில் முனைவர் பட்டம் பெற்றோர் தமக்குரிய தொழிலை ஆராயுங்கால், கல்லூரி ஆசிரியப் பணி ஒன்றனையே முன்வைத்து நோக்குதல் பெருவழக்காக உள்ளது. அப்பணியின் உயர்வில் எவர்க்கும் ஐயமில்லை. எனினும், அதனை ஒழிந்த பிறவெல்லாம் தாழ்ந்தன என்னும் எண்ணம், ஆய்வாளர் பலரை ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கச் செய்கின்றது. தொழிலைத் தெரியும் முறையினை, விருத்தாசலம் வட்டாரத்தையும் ஒரு சான்றாகக் கொண்டு, ஈண்டு விளக்குதும்.

1. ஆசிரியப் பணி

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகள், பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராவார்க்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றன. நடைமுறைக்கு வருமுன் ஒத்திவைக்கப்பட்ட அக்கட்டாயம் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளே குறைந்த அளவுத் தகுதியாகக் கூறப்பட்டன. ஆதலின், ஆய்வு நடைபெறும் காலத்திலேயே தகுதித் தேர்விலும் தேறி நிற்றல் அறிவுடைமையாம். அரசு கல்லூரிகளிற் கௌரவ விரிவுரையாளராகச் சேர்வோர் தொகுப்பூதியமே பெறுவர். அப்பணி நிலையானதும் அன்று. அதனை ஒரு படியாகக் கொள்வோர், எத்துணை ஆண்டு அப்படியில் நிற்பது என்பதனை முன்னரே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும்.

2. முன்னோர் சென்ற நெறி

தமிழாய்வில் முற்படப் பட்டம் பெற்றோர் ஒரு பணிக்குள் அடங்கியவர் அல்லர். 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அ. சிதம்பரநாதன் செட்டியார், பேராசிரியராக விளங்கியதோடு, சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் அமைந்தார். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற மு. வரதராசனார், கல்விப்பணியோடு நாவலும் கட்டுரையும் எழுதி, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1957-இல் இலண்டனில் முனைவரான தனிநாயக அடிகள் இலங்கையிலும் மலாயாவிலும் கற்பித்து, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுதற்குக் காரணராயினார். ஈழத்துக் க. கைலாசபதியோ, இதழாசிரியராக இருந்து, பின்னர்ப் பர்மிங்காமில் ஆய்ந்து பட்டம் பெற்றவர்.

3. ஆய்வு தரும் திறன்கள்

ஆய்வேடு எழுதுவோன் பெறுவது பட்டம் மட்டும் அன்று. பாடவேறுபாடு காணல், சொற்பொருள் வரையறுத்தல், சான்றுகளை எடையிடல், நெடிய பொருளை ஒழுங்குபடுத்தி எழுதுதல் ஆகிய திறன்களும் அவனுக்கு வாய்க்கின்றன. இவற்றிற்கேற்ற களங்களும் உள. ஏடு பதிப்பிக்க வல்லார்க்கு உ.வே.சா. நூலகமும், 1955-இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தொடர்புடைய களங்களாம். சொல்லாய்வில் நாட்டமுடையார்க்கு அகராதிப் பணியும் கலைச்சொல்லாக்கமும் உரியன. பழந்தமிழ் கற்றார்க்குச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் உண்டு. இவற்றுட் பல, திட்டக்காலத்தோடு முடியும் பணிகள் என்பதனையும் மறத்தல் ஆகாது. பதிப்பகம், மொழிபெயர்ப்பு, இதழியல், கணினித்தமிழ் என்பனவும் அத்திறன்களையே வேண்டுவன.

4. விருத்தாசலம் காட்டும் சான்று

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட விருத்தாசலத்தில், செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயிலும் அதன் கல்வெட்டுகளும் உள. கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உண்டு. மண் பிசைதல், அச்சில் வார்த்தல், சூளையிற் சுடுதல், மெருகூட்டல் எனத் தொழில்நிலை ஒவ்வொன்றிலும் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்கள் கலைச்சொல்லாக்கத்திற்குக் கருவூலமாம். ஆகவே, ஓர் ஊரிலேயே கற்பித்தல், கல்வெட்டாய்வு, தொழிற்சொல் திரட்டல் என மூவகைக் களங்கள் உள்ளன.

இவ்வட்டாரத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன், பேராசிரியர் அல்லர். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில் செய்தவர். அவரே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தளித்தார். பிழைப்பிற்குரிய தொழில் வேறாக, அறிவுத்தொண்டு வேறாக அமையினும் நிலைத்த நூல் தோன்றும் என்பதற்கு இஃதொரு சான்றாகும். பட்டம் பெற்றார்க்கு இது நாணம் தருவதன்று, ஊக்கம் தருவது.

5. தெரியும் முறை

எப்பணியாயினும் மூன்று வினாக்களால் அதனை அளந்து காணலாம். தான் பெற்ற திறன்களுள் எது அதனாற் பயன்படும்? ஊதியமும் நிலைபேறும் குடும்பத்தைத் தாங்குமா? மேலும் ஆராய்தற்கு ஓய்வு எஞ்சுமா? மூன்றும் ஒருங்கே அமைதல் அரிது. இரண்டு அமையின் அப்பணியை ஏற்கலாம். ஒன்றே அமையின் கால எல்லை வகுத்து ஏற்கலாம். இவ்வினாக்களை ஆய்வேட்டை ஒப்படைத்த பின்னர் அன்றி, ஆய்வின் இடைக்காலத்திலேயே எழுப்புதல் வேண்டும். வேண்டும் பிறிதொரு திறனைக் கற்றற்கு அப்பொழுதே காலம் உண்டு.

இதுகாறும் கூறியவற்றால், முனைவர் பட்டம் ஒரு பதவிக்குரிய உரிமைச்சீட்டு அன்று, பல பணிக்கும் உதவும் பயிற்சியே என்பது பெறப்படும். ஆய்வை நெறிப்படுத்தும் ஆசிரியன்மார் இதனைத் தம் மாணாக்கர்க்கு முதலாண்டிலேயே உணர்த்துதல் கடனாகும்.