சில்லறையில் சிக்கும் பிழைகள்

கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் ஒவ்வொரு நாணயத்தையும் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். நீங்களும் பார்க்கலாம்.

மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றுங்கள். சிங்கத் தலை நேராக இருந்தால், நம் நாட்டு நாணயத்தில் மறுபக்கமும் நேராக வர வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அது அச்சு திரும்பிய பிழை. தகடு விலகி உட்கார்ந்தால் உருவம் ஒதுங்கி, ஓரத்தில் பிறை போல் வெற்றிடம் தெரியும். முந்தைய நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டால், ஒரு பக்கத்தில் உருவம் இடவலம் மாறிக் குழிந்திருக்கும். இரு காசுகளைச் சேர்த்து நசுக்கியும் இப்படிச் செய்வார்கள்; அதில் மறுபக்கம் தட்டையாகிவிடும்.

ஆண்டுக்குக் கீழுள்ள குறி பிழையல்ல. அது நாணயச் சாலையின் அடையாளம். பொதுவாக வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியில்லாதது கொல்கத்தா. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்துள்ளதாக ரிசர்வ் வங்கி 2018-ல் அறிவித்தது. அந்த வேறுபாடும் பிழையல்ல.

இவற்றைக் காட்டி லட்சங்கள் தருவதாக ஆசை காட்டுவோர் உண்டு. தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணய விற்பனைக்குக் கட்டணமும் கமிஷனும் கேட்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

குழந்தைகளோடு உண்டியலைக் கொட்டித் தேடுங்கள். கைக்காசை மட்டும் இழந்துவிடாதீர்கள்.